அக்காளுக்கு அடுப்படி, தம்பிக்கு டியூஷனா?

கேள்வி: என் அக்கா மகளுக்கு 14 வயது, உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். அத்தான் தவறிய பிறகு அக்கா ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார். பள்ளி விட்டதும் எட்டு வயதுத் தங்கையைக் கூட்டி வருவது, சோறாக்குவது, துணி துவைப்பது எல்லாம் இவள்தான். வலைப்பந்துப் பயிற்சிக்குப் போவதே இல்லை. கணிதத்தை ஜி2 நிலையிலிருந்து அதைவிடக் கடினமான ஜி3 நிலைக்கு மாற்ற முயன்று பார் என்று ஆசிரியை சொன்னாராம். ‘படிக்க எங்கே சித்தி நேரம்’ என்கிறாள். உயர்நிலை ஒன்றில் இருக்கும் தம்பிக்கு வாரம் இரண்டு நாள் டியூஷன், சாப்பிட்ட தட்டைக்கூட அவன் எடுப்பதில்லை. ‘பொம்பளப் பிள்ளை, வேலை பழகட்டும்’ என்கிறார் எங்கள் அம்மா. நான் வாயைத் திறந்தால் அக்காவுக்குக் கோபம் வருகிறது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் அக்காவின் கோபத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஷிஃப்ட் பார்க்கும் ஒருவரிடம் ‘நீ பெண்ணைப் படிக்க விடவில்லை’ என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும், ஏனென்றால் அந்தப் பெண் கை கொடுக்காவிட்டால் நாளைக்கு அவரால் வேலைக்கே போக முடியாது. அதனால் புத்தி சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையின் சுமையில் எதை இறக்கி வைக்கலாம் என்று மட்டும் பாருங்கள்.

முதலில் தங்கை. தொடக்கப்பள்ளிகளிலேயே மாணவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறது, பள்ளி முடிந்ததும் மாலை வரை பார்த்துக்கொள்வார்கள், வீட்டுப்பாடமும் செய்ய வைப்பார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் காம்கேர் என்ற அரசாங்கத் திட்டத்தில் கட்டண உதவி உண்டு, நிலையத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிவம், சம்பளச் சீட்டு என்று அலைய அக்காவுக்கு நேரம் இருக்காது. அந்த அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இது ஒன்று நடந்தாலே அவளுக்குத் தினமும் சில மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது தம்பி. இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் பெண் பிள்ளைகள் ஹோம் இகனாமிக்ஸ் வகுப்பில் தைத்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருப்போம், பையன்கள் பட்டறையில் மரம் அறுப்பார்கள். இப்போது அப்படி இல்லை. உயர்நிலை ஒன்று, இரண்டில் உணவு, பயனீட்டாளர் கல்வியும் வடிவமைப்புத் தொழில்நுட்பமும் ஆண், பெண் எல்லாருக்கும் பொதுப் பாடங்கள். அதாவது அந்தப் பையன் பள்ளியில் ஏப்ரன் கட்டிக் காய் நறுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து தட்டை எடுக்காமல் எழுந்து போகிறான். பள்ளி சொல்லிக்கொடுப்பதை வீடு அழித்துக்கொண்டிருக்கிறது. அவனைத் திட்ட வேண்டாம், 13 வயதுப் பிள்ளை, யாரும் கேட்காததால் செய்யவில்லை. ‘பள்ளியில் என்னப்பா சமைச்சீங்க, எங்களுக்கும் செஞ்சு கொடு’ என்று நீங்களே கேளுங்கள். அப்புறம் தினமும் அரிசி கழுவிக் குக்கரில் போடுவது அவன் பொறுப்பு, துணி காயப்போடுவது அவன் பொறுப்பு என்று உங்கள் அக்கா வாயால் சொல்ல வையுங்கள். ‘அக்காவுக்கு உதவி செய்’ என்று சொன்னால் அது அவளுடைய வேலையாகவே இருந்துவிடும், அவன் உதவிக்கு வந்தவன் ஆகிவிடுவான். அந்த வார்த்தையில் மட்டும் கவனமாக இருங்கள்.

அம்மாவிடம் தர்க்கம் செய்ய வேண்டாம். ‘இன்னும் அஞ்சு வருஷத்தில் இவன் ராணுவம், போலீஸ் என்று தேசிய சேவைக்குப் போவான், அங்கே படுக்கையை மடிக்கவும் கழிவறை கழுவவும் அக்கா வரமாட்டாள்’ என்று சொல்லிப் பாருங்கள், பேரன் மேல் இருக்கும் பாசமே அவரை யோசிக்க வைக்கும். அவர் நினைப்பது அவர் ஒருவருடையது மட்டும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நம் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் 1979 முதல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று வரம்பு வைத்திருந்தார்கள், பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காக வேலையை விட்டுவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். 2003-இல்தான் அது நீங்கியது. மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காமல் போன பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. படித்தவர்களே அப்படி நினைத்த ஊரில், உங்கள் அம்மாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இனி அவள் படிப்பு. உயர்நிலை மூன்றுக்கான பாடங்களை இந்த ஆண்டு இறுதியில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், அதனால் காத்திருக்க நேரமில்லை. வகுப்பாசிரியையை அக்காவோடு போய்ப் பாருங்கள், வீட்டு நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். பயிற்சிக்கு வராத பிள்ளையைச் சோம்பேறி என்று பள்ளி நினைத்திருந்தால் அது பெரிய அநியாயம். கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அடங்கும், மூன்று பிள்ளைகளுக்கும் கேளுங்கள். நம் சம்பளத்தில் மாதாமாதம் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் பிடிக்கிறார்களே, அந்தப் பணமும் சேர்ந்துதான் அவர்களுடைய ஸ்டெப் துணைப்பாட வகுப்புகள் நடக்கின்றன. கணிதத்துக்கு அவளைச் சேருங்கள், கட்டணம் குறைவு. தம்பிக்கு மட்டும் டியூஷன் என்ற பேச்சும் அதோடு முடியும்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. ஜி3 கணிதம் அவளுக்கே வேண்டுமா, வலைப்பந்து திரும்ப ஆட ஆசையா என்று யாராவது அவளிடம் கேட்டீர்களா? ஒரு சனிக்கிழமை அவளை மட்டும் உங்கள் வீட்டுக்கு அழைத்து நிதானமாகக் கேளுங்கள். பழக்கத்தில் உங்கள் வீட்டுப் பாத்திரத்தையும் கழுவப் போவாள், விடாதீர்கள்.