ஸ்டென்ட் வைத்த நான்காம் மாதத்தில் பல் பிடுங்குதல்

வணக்கம். நிலாவெளியிலுள்ள உங்கள் தந்தையாருக்கு மாரடைப்பின் பின் கண்டியில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதங்களே ஆகின்றன என்றும், பல் பிடுங்குவதற்காக, குருதி உறைவதைத் தடுக்கும் குளிசைகளான அஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் ஒரு வாரம் நிறுத்துமாறு உறவினர் ஒருவர் சொன்னார் என்றும் எழுதியுள்ளீர்கள். தயவுசெய்து நீங்களாக எதனையும் நிறுத்த வேண்டாம்.

ஸ்டென்ட் என்பது, மணிக்கட்டு அல்லது தொடை நாடி வழியாகக் குழாய் செலுத்தி, இருதய நாடியிலுள்ள அடைப்பைப் பலூனால் விரித்தபின் அங்கேயே விடப்படும் உலோக வலை. அதன் கம்பிகளை நாடியின் உட்படலம் வளர்ந்து மூடும்வரை, குருதி அதன்மேல் உறையும் அபாயம் நீடிக்கிறது. மருந்து பூசிய ஸ்டென்ட்டில் அவ்வளர்ச்சி இன்னும் மெதுவாகவே நிகழும். ஆகவேதான் மாரடைப்பின் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இவ்விரு குளிசைகளும் பொதுவாக 12 மாதங்கள் கொடுக்கப்படுகின்றன. அஸ்பிரின் அதன் பின்னரும் தொடரும். உறவினரின் அக்கறை உண்மையானதே, ஆனால் அவர் அஞ்சும் ஆபத்து சிறியது: பல் பிடுங்கிய இடத்துக் கசிவைப் பஞ்சு கடித்தும் தையலிட்டும் நிறுத்தலாம், ஸ்டென்ட்டுக்குள் உறையும் குருதியோ மீண்டும் மாரடைப்பையே உண்டாக்கும்.

பெரும்பாலும் குளிசைகளை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்குவார்கள். வைத்தியசாலை தந்த அட்டையைத் திருகோணமலையில் பல் வைத்தியரிடம் காட்டி, இருதய கிளினிக்கின் கருத்தையும் பெறச் சொல்லுங்கள். வலிக்குப் பரசிட்டமோல் போதும்; டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வேண்டாம். இடையில் நெஞ்சுவலி வந்தால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.