லத்தீன் கவிதை சோறு போடுமா?

ஐயா, வணக்கம்.

பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், அடுத்து வெளிநாடு போய் லத்தீன் கவிதைதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். "இது சோறு போடுமா?" என்கிறீர்கள். ரோமானியக் கவிஞர் ஓவிடின் தந்தையும் இதையேதான் கேட்டார். "எதற்கு இந்த உதவாத வேலை? ஹோமரே சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லையே" என்று அவர் அடிக்கடி சொன்னதை ஓவிட் தம் கவிதையிலேயே பதிந்திருக்கிறார். மகனும் அடங்கித்தான் பார்த்தார். ஆனால் உரைநடை எழுத உட்கார்ந்தாலும் சொற்கள் தாமாக யாப்பில் வந்து விழுந்தனவாம். (கி.பி. 8இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரைக்குத் துரத்தியதற்கு ஒரு கவிதையும் காரணம். இதைச் சொல்லி மகளை மிரட்டாதீர்கள். அவளுக்கு ஓவிடை இன்னும் பிடித்துப்போகும்.)

எனக்குக் கவலை வேறு. அவள் இதுவரை படித்ததெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு. "வெறுக்கிறேன், நேசிக்கிறேன்" என்று தொடங்கும், ரோமானியக் கவிஞர் கட்டுலஸின் ஈரடிக் கவிதையில் இருப்பவை 14 சொற்கள்தான். அவற்றில் 8 வினைகள், பெயரடை ஒன்றுகூட இல்லை. அந்த இறுக்கம் மொழிபெயர்ப்பில் கரைந்துவிடும். காதலுக்கும், இறந்த தம் சகோதரனுக்கான இரங்கலுக்கும் கட்டுலஸ் கையாண்டது அதே ஈரடி யாப்பு: முதலடியில் 6 சீர், அடுத்ததில் 5. நான்கும் மூன்றுமாகக் குறளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக இராது. இலக்கணம்தான் முதுகை ஒடிக்கும்.

மேற்படிப்புக்குப் பெரும்பாலும் லத்தீனோடு கிரேக்கமும் மூலத்தில் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மொழி தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீனே தெரியாமல் தொடங்கக்கூடிய நான்காண்டு இளங்கலை இருக்கிறது. அமெரிக்காவில் பட்டதாரிகளுக்கான இடைநிலை மொழிப் படிப்புகள் இருக்கின்றன. இரண்டுமே செலவு பிடிப்பவை. முடித்தபின் பல்கலைக்கழக ஆசிரியர் பணி கிடைப்பதும் அரிது. பதிப்பகம், நூலகம், அருங்காட்சியகம், பள்ளி என்றுதான் பலரும் போகிறார்கள். அது குறைவான வாழ்க்கை என்று நான் நினைக்கவில்லை. கி.மு. 42இல் பிலிப்பிப் போரில் தோற்ற பக்கம் நின்று நிலத்தை இழந்த கவிஞர் ஹொரேஸ், ரோமின் கருவூலத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவருடைய பாடல்களின் முதல் மூன்று நூல்கள் வெளிவந்தது கி.மு. 23இல்.

எனவே ஓராண்டு பொறுங்கள். பட்டப்படிப்பு ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒரு தொடக்க இலக்கண நூல், தினமும் ஒரு மணி நேரம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்னூலகத்தில் மூலமும் அகராதியும் இலவசம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கும் பேச்சை அதுவரை எடுக்க வேண்டாம்.

சுல்பிசியா என்ற ரோமானியப் பெண்ணின் ஆறு சிறு கவிதைகள் எஞ்சியிருக்கின்றன, மொத்தமே 40 அடிகள். அடுத்த ஆண்டு மகளையும் அழைத்து வாருங்கள். அவற்றை அவளே படித்து நம் இருவருக்கும் தமிழில் பொருள் சொல்லட்டும்; படிப்புக் கட்டணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.