பதிவேட்டில் ஏறாத குத்து

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் ஒரே வாக்குவாதம். உச்ச எடைப் பிரிவான ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்கு 1970கள்தான் பொற்காலம் என்பார் அப்பா. அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன், நார்ட்டன் என்று விரல்விட்டு எண்ணுவார். உயரம், எடை, பயிற்சி எல்லாவற்றிலும் இன்றைய வீரர்கள்தான் மேல், பழையவர்கள் இவர்களிடம் நான்கு சுற்றுகூடத் தாங்கமாட்டார்கள் என்பது என் கட்சி. எல்லாருடைய வெற்றி தோல்விக் கணக்கையும் கணினியில் ஏற்றி மோதவிட்டால் முடிவு தெரிந்துவிடாதா? இன்னொன்று. ஹெவிவெயிட்டில் நம்மவர் ஒருவர்கூட இருந்ததில்லையே, நமக்கு ஏன் இந்த வம்பு என்று அம்மா கேட்கிறார். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது.

அன்புள்ள தம்பி,

போன வாரம் என் பெரிய மாமாவுக்குத் திதி. படையல் போட்ட கையோடு அவர் நினைப்பாகவே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் குத்துச்சண்டைக் கடிதத்துக்கெல்லாம் நான் பதில் எழுதுவதில்லை.

எடை விவகாரத்தை உடனே முடித்துவிடலாம். அமெரிக்கர் ராக்கி மார்சியானோ 1952இல் ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்றபோது அவர் எடை 184 பவுண்டு. இன்று 200 பவுண்டுவரை குரூசர்வெயிட் என்னும் கீழ்ப் பிரிவு. ஆகவே அவர் இன்று ஹெவிவெயிட்டே இல்லை. உங்கள் கட்சிக்கு ஒரு புள்ளி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2024 மே மாதம் ரியாத்தில், தன்னைவிடப் பதினேழு கிலோ குறைந்த உக்ரைன்காரர் உசிக்கிடம் பிரிட்டனின் டைசன் ஃபியூரி எப்படித் தோற்றார் என்பதையும் அப்பாவிடம் நீங்களே விளக்குங்கள்.

கணினி என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதுபோல எழுதுகிறீர்கள். 1967இலேயே அமெரிக்காவில் இதைச் செய்துபார்த்துவிட்டார்கள். செத்தவர், இருப்பவர் எல்லாருடைய கணக்கையும் கணினியில் ஏற்றி, வானொலியில் போட்டியாகவே நடத்தினார்கள். கணினி என்ன சொன்னது தெரியுமா? ஜிம் ஜெஃப்ரிஸ் முகமது அலியைத் தோற்கடிப்பார் என்றது. அலி வழக்குப் போட்டார். பிறகு அலியையும் மார்சியானோவையும் ஒரே மேடையில் ஏற்றி, ஒரு நிமிடச் சுற்றுகளாகப் படம் பிடித்தார்கள். வழுக்கை தெரியாமலிருக்க மார்சியானோ பொய்முடி வைத்துக்கொண்டார். படம் 1970 ஜனவரியில் திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அமெரிக்காவில் காட்டிய படத்தில் மார்சியானோ வென்றார், ஐரோப்பாவில் காட்டியதில் அலி வென்றார். கணினிக்கு ஊருக்கொரு நியாயம்!

அந்த ஜெஃப்ரிஸ் யார்? தோல்வியே காணாமல் 1905இல் ஓய்வுபெற்றவர். ஏன் தோல்வி இல்லை? பட்டம் கையில் இருந்தவரை, அதற்காக மோத ஒரு கறுப்பரையும் அவர் எதிரே நிற்கவிடவில்லை. 1910இல் அமெரிக்காவின் ரீனோவில், ஏற்கெனவே பட்டம் வென்றிருந்த கறுப்பர் ஜாக் ஜான்சன் எதிரே ஒருமுறை நின்றார், பதினைந்தாவது சுற்றில் எல்லாம் முடிந்தது. பட்டம் வென்றபின் ஜான்சனும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. ஐந்தடி ஏழங்குலக் கறுப்பர் சாம் லாங்ஃபோர்டுக்கு அவர் கதவைத் திறக்கவே இல்லை. 1919 முதல் 1926வரை ஜாக் டெம்ப்சி சாம்பியன். அத்தனை ஆண்டும் கறுப்பர் ஹாரி வில்ஸ் வாசலில் நின்று நின்று கிழவராகிப்போனார். 1915இல் ஜான்சன் தோற்றதிலிருந்து 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை, 22 ஆண்டுகள், பட்டத்துக்கு மோத ஒரு கறுப்பருக்கும் இடம் தரவில்லை. அந்த 22 ஆண்டுகளை நீங்கள் எந்தத் தராசில் வைப்பீர்கள்? உள்ளே வந்தவர்களின் கணக்கு மட்டும்தானே உங்கள் கணினியிடம் இருக்கிறது? அப்பாவின் எழுபதுகள் கனமாகத் தெரிவதற்கு அந்த நால்வர் மட்டும் காரணமில்லை. அதற்குள் அங்கே கதவு திறந்துவிட்டிருந்தது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் திறக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் தொழில்முறை மேடையில் மோத முதன்முதலாக அனுமதித்ததே 1973 டிசம்பரில், ஜோகன்னஸ்பர்க்கில். அப்போதும் கறுப்பராக வந்து நின்றவர் அமெரிக்கர் பாப் ஃபாஸ்டர்.

என் மாமா டர்பன் மாநகராட்சித் தொழிலாளி. குடியிருப்பு மேகசின் பாரக்ஸ். அந்த லைன் வீடுகளில் முப்பதுகளின் குத்துச்சண்டை வீரர் சீமன் செட்டி பெயரைச் சொல்லிக்கொண்டே வளர்ந்த பையன்கள் ஏராளம். ஆனால் நம் பையன்கள் ஒல்லி. மாமா ஒருவர்தான் ஆள் வாட்டசாட்டம். வார்விக் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார், 182 பவுண்டு காட்டும். காவடி விரதத்தில் மட்டும் நாலைந்து பவுண்டு இறங்கும்.

1958வாக்கில் ஒரு வெள்ளைக்கார ஹெவிவெயிட்டுக்குப் பயிற்சியில் குத்து வாங்க ஆள் தேவைப்பட்டது. பின்வாசல் வழியாக வரவேண்டும், கதவைச் சாத்தியபின்தான் கையுறை, முகத்தில் அடிக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து ஷில்லிங். ஏழெட்டு வாரம் போனார். ஒருநாள் அந்த ஆள் வலது கையை இறக்கிவிட்டார். மாமாவின் இடது ஹூக், வளைத்து விடும் குத்து, தன்பாட்டுக்குப் போய்த் தாடையில் உட்கார்ந்தது. வெள்ளைக்காரர் தரையில் உட்கார்ந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். பயிற்சியாளர் மாமாவின் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினார், சட்டையின் மேலே ஐந்து ஷில்லிங். மீதி ஐந்து எங்கே என்று மாமா கேட்கவில்லை.

அந்த ஆளின் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் தம்பி, அவருடைய கணக்கும் எங்கோ ஒரு புத்தகத்தில் அச்சாகியிருக்கும், உங்கள் கணினியும் அதைப் படிக்கும். அந்த ஐந்து ஷில்லிங் அதில் இருக்குமா? நம்மவர் ஒருவர்கூட இருந்ததில்லை என்று இனிமேல் எனக்கு எழுதாதீர்கள். அம்மா கேட்டது வேறு, அவருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது வீடு அமைதியாக இருக்க வேண்டும். அதையே நீங்கள் நியாயமாக்கி எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதை மாமா சொன்னது 1979 அக்டோபர் 20, சனிக்கிழமை. பிரிட்டோரியாவில் எண்பதாயிரம் பேர் முன்னிலையில் இந்நாட்டு வெள்ளையர் கெரி கூட்சியாவும் அமெரிக்கக் கறுப்பர் ஜான் டேட்டும் மோதினார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் தெருவே கூடி டேட்டுக்காகக் கத்தியது. மாமா மட்டும் கத்தவில்லை. கூட்சியாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து சுற்றும் ஓடி, புள்ளிக் கணக்கில் டேட் வென்றார். கூட்டம் கலைந்ததும் மாமா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "வலது கையை இறக்கு" என்றார். இறக்கினேன். இடது கை மெதுவாக, மிக மெதுவாக வளைந்து வந்து என் தாடைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. சாயங்காலம் ரசத்துக்கு உருவிய கறிவேப்பிலையின் வாசம் இன்னும் அந்தக் கையில் இருந்தது.

உங்கள் வீட்டுச் சண்டையை மறந்தே போனேன். இன்றைய பன்னிரண்டு சுற்று என்றால் உசிக் தாக்குப்பிடிப்பார். அந்தக் காலத்துப் பதினைந்து என்றால் அலி. அப்பாவிடம் சொல்லுங்கள்.