பேட்டரியில் வைத்ததும் எல்இடி ஏன் செத்துப்போனது?

மியான்மரின் பெகுவிலிருந்து பள்ளி இறுதி வகுப்பு மாணவர் ஒருவர் கேட்கிறார்: “மின்வெட்டு நேரத்தில் படிப்பதற்காக, வீட்டிலுள்ள 12 வோல்ட் பேட்டரியில் ஒரு வெள்ளை எல்இடியை நேராக இணைத்தேன். பளிச்சென்று ஒரு மின்னல், அப்புறம் ஒன்றுமில்லை. சாவிக்கொத்து டார்ச்சில் இதே மாதிரி எல்இடி ரெசிஸ்டர் இல்லாமலே எரிகிறதே? ஓம் விதிப்படி கணக்குப் போட வேண்டுமென்றால் எல்இடியின் மின்தடை எவ்வளவு? சோலார் தகடும் இதே குறைகடத்திதான் என்கிறார்களே, உண்மையா?”

தம்பி, அந்த மின்னலைப் பார்க்காத எலெக்ட்ரானிக்ஸ்காரர் யாரும் கிடையாது. ரங்கூனில் நான் கூட ஒரு மேசை இழுப்பறை நிறைய எரித்திருக்கிறேன். உங்கள் கேள்விகளில் எனக்குப் பிடித்தது “மின்தடை எவ்வளவு” என்பதுதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

மின்அடுப்புக் கம்பிக்கோ சாதாரண ரெசிஸ்டருக்கோ வோல்ட்டை இரட்டித்தால் மின்னோட்டமும் ஏறக்குறைய இரட்டிக்கும். எல்இடி அப்படி நடக்காது. வெள்ளை எல்இடிக்கு 2 வோல்ட் கொடுத்தால் சும்மா கிடக்கும். 2.7-ஐத் தாண்டும்போது மெல்லக் கண் விழிக்கும். 3.1 வோல்ட் அளவில் 20 மில்லி ஆம்பியர் ஓடும். அதற்கு மேல் ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்கு கூட்டினாலே மின்னோட்டம் எகிறிவிடும். ஆகவே “இத்தனை ஓம்” என்று அதற்கு ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் வேறு பதில் வரும்.

காரணம் உள்ளே இருக்கும் சந்தி. எலெக்ட்ரான் மிகுந்த ‘என்’ (n) வகைக் குறைகடத்தியும், துளைகள் (எலெக்ட்ரான் இல்லாத காலி இடங்கள்) மிகுந்த ‘பி’ (p) வகையும் சேருமிடத்தில் ஒரு தடுப்பு உருவாகிறது. வோல்ட் அந்தத் தடுப்பைத் தாழ்த்தத் தாழ்த்த, தாண்டி வரும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை மடங்கு மடங்காகப் பெருகும். வந்தவை துளைகளில் விழும்போது விடும் ஆற்றல்தான் ஒளி. நீல ஒளித்துகளுக்குச் சுமார் 2.7 எலெக்ட்ரான் வோல்ட் (ஓர் எலெக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே இந்த அலகு) ஆற்றல் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். சிவப்பு எல்இடி 2 வோல்ட்டில் எரிய, வெள்ளை 3 கேட்பது அதனால்தான். வெள்ளைக்குள் இருப்பது நீலச் சில்லு. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் (நீல ஒளியை வாங்கி மஞ்சளாக விடும் பூச்சு) பாதி வேலையைச் செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு வம்பும் உண்டு. சந்தி சூடேறினால், அதே மின்னோட்டத்துக்கு வேண்டிய வோல்ட் ஒரு டிகிரிக்குச் சில மில்லி வோல்ட் வீதம் குறையும். வோல்ட்டை மாற்றாமல் வைத்தால் சூட்டோடு மின்னோட்டம் கூடும், மின்னோட்டத்தோடு சூடு கூடும். 12 வோல்ட்டில் இதற்கெல்லாம் நேரமே இல்லை, ஒரு நொடியில் கதை முடிந்துவிடுகிறது.

சரி, டார்ச்சில் மட்டும் எப்படிப் பிழைத்தது? அந்தப் பொத்தான் செல்லின் உள் மின்தடை பல ஓம்கள். செல்லே ரெசிஸ்டர் வேலையையும் பார்த்துவிடுகிறது. பெரிய லெட் ஆசிட் பேட்டரியின் உள் மின்தடையோ ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குகூட வராது. கேட்ட மின்னோட்டத்தை அள்ளிக் கொடுத்துவிடும்.

இப்போது கணக்கு. “12 வோல்ட்” என்ற பெயரை நம்பாதீர்கள். நிறைந்த பேட்டரி 12.7 காட்டும், “மீ லா பீ!” (பர்மிய மொழியில் ‘கரண்ட் வந்துவிட்டது!’) என்று தெருப்பிள்ளைகள் கத்தி, சார்ஜர் ஓடத் தொடங்கிய பிறகு 14.4 வரை ஏறும். எனவே 14.4-க்குக் கணக்குப் போடுங்கள். மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக வைத்தால் 9.3 வோல்ட் அவற்றுக்குப் போகும். மீதி 5.1 வோல்ட், அதே தொடரில் சேர்க்கும் ரெசிஸ்டருக்கு. அதை 0.02 ஆம்பியரால் (20 மில்லி ஆம்பியர்) வகுத்தால் 255 ஓம். கடையில் 270 ஓம், கால் வாட் கேளுங்கள்: சிவப்பு, ஊதா, பழுப்பு வளையங்கள். சார்ஜ் ஆகும்போது 19 மில்லி ஆம்பியர், மற்ற நேரத்தில் 12, 13 ஓடும். நோட்டுப் புத்தகம் படிக்க அது போதும்.

ஒரே எல்இடிக்கு 680 ஓம் போட்டும் எரிக்கலாம், ஆனால் முக்கால் பங்கு மின்சக்திக்கு மேல் ரெசிஸ்டரைச் சூடாக்கவே போய்விடும். எனக்கு மனசு வராது. மூன்றையும் இணையாக வைத்து ஒரே ரெசிஸ்டர் போடுவதும் வேண்டாம். ஒன்று மற்றதைவிடக் கூடுதலாக இழுக்கும். நீளமான கால்தான் பாசிட்டிவ். திருப்பி வைத்தால் பெரும்பாலானவை 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் எரிவது எல்இடி அல்ல, ஒயரும் மேசையும்.

சோலார் தகடும் பி-என் சந்திதான், பெரும்பாலும் சிலிக்கானில் செய்தது. எல்இடி மின்சாரம் வாங்கி ஒளி தருகிறது, தகடு ஒளி வாங்கி மின்சாரம் தருகிறது. வீட்டிலேயே பார்க்கலாம்: தெளிவான மூடியுள்ள ஒரு சிவப்பு எல்இடியை எடுத்து, டிஜிட்டல் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அதன் இரு கால்களிலும் பிடித்து, நடுப்பகல் வெயிலில் எல்இடியின் தலையைச் சூரியனை நோக்கித் திருப்புங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும். விரலால் மறைத்தால் சட்டென்று விழுந்துவிடும்.