வீடு விற்க, வாடகைக்கு விட, புதுப்பிக்க: இங்கிலாந்தின் ஈ.பி.சி. பற்றிக் கேள்வி பதில்

ஈ.பி.சி. என்பது வீட்டின் எரிசக்திச் சான்றிதழ். அசெஸர் எனப்படும் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து ஏ (மிகச் சிறந்தது) முதல் ஜி வரை தரம் போட்டுத் தருவார். பத்து ஆண்டு செல்லும். கீழே உள்ளவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் வேறு.

ஹாரோவில இருக்கிற வீட்டை விக்கப் போறம். தரம் ஈ. சி இல்லாட்டி விக்க ஏலாது எண்டு சொல்லுகினம், உண்மையோ அண்ணை?

இல்லை. விற்பனைக்குக் குறைந்தபட்சத் தரம் எதுவும் கிடையாது, ஜி தரத்து வீட்டையும் விற்கலாம். குறைந்தது ஈ வேண்டும் என்ற விதி வாடகை வீட்டுக்குத்தான். உங்களுக்குத் தேவை காலாவதியாகாத சான்றிதழ். அரசின் இணையப் பதிவேட்டில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் இலவசமாகப் பார்க்கலாம். காலம் முடிந்திருந்தால், விளம்பரம் போகும் முன்பே புதியதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வர 7 நாள், தகுந்த முயற்சி எடுத்தும் வராவிட்டால் மேலும் 21 நாள் அவகாசம். தவறினால் 200 பவுண்ட் அபராதம். ஏஜென்ட் இல்லாமல் நீங்களே விற்றாலும் இதே விதிதான்.

கேவிட்டி சுவரில் (நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர்) இன்சுலேஷன், அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் பொருள், அடைத்திருக்கிறோம் என்று அசெஸரிடம் சொன்னேன். அவர் "இல்லை என்று கருதப்படுகிறது" என எழுதிவிட்டுப் போய்விட்டார். ஏன்?

பெரும்பாலான வீடுகள் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான். அசெஸர் சுவரைத் துளைத்துப் பார்க்க மாட்டார். கண்ணால் கண்டதை எழுதலாம், காகிதத்தில் இருப்பதை எழுதலாம். இரண்டும் இல்லையென்றால் வீடு கட்டிய காலத்தை வைத்து மென்பொருள் அனுமானிக்கும். வீட்டுக்காரர் வாயால் சொல்வது கணக்கில் சேராது.

கேவிட்டிக்கு, வெளிச்சுவரின் சாந்து இணைப்புகளில் துளையிட்டு அடைத்த வட்டத் தழும்புகள் ஒழுங்கான இடைவெளியில் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் அசெஸரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மேலே பூச்சு பூசி மறைந்திருந்தால், கேவிட்டி இன்சுலேஷனுக்கு உத்தரவாதம் தரும் அமைப்பான சீகாவின் 25 ஆண்டு உத்தரவாதப் பத்திரம் வேண்டும். தொலைந்திருந்தால் முகவரியைக் கொடுத்து சீகாவிடமே விசாரிக்கலாம்.

வருகைக்கு முன் ஒரே கோப்பில் எடுத்து வையுங்கள்: பில்டிங் கன்ட்ரோல் (கட்டட வேலை விதிப்படி நடந்ததா என்று பார்ப்பவர்கள்) தந்த நிறைவுச் சான்றிதழ், ஜன்னல் விதிப்படி பொருத்தப்பட்டதற்கான ஃபென்சா சான்றிதழ், பாய்லரின் மாடல் விவரம், இன்சுலேஷன் பில். பில்லில் வீட்டு முகவரியும், போட்ட பொருளும் அதன் தடிமனும் இருக்க வேண்டும். "லோஃப்ட் வேலை, 900 பவுண்ட்" என்று மட்டும் எழுதிய பில் பயன்படாது. பில்டர் பணம் வாங்கும் அன்றே சரியாக எழுதி வாங்குங்கள்.

ஜன்னலுக்கு ஃபென்சா இல்லையா? இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓரமாக ஓடும் உலோகப் பட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். பலவற்றில் தயாரித்த ஆண்டு அச்சாகியிருக்கும். 2002க்கு முன்னா பின்னா என்பதே கணக்கை மாற்றும். 2025 ஜூன் முதல் நடப்பில் உள்ள புதிய முறையில் ஒவ்வொரு ஜன்னலையும் அளக்கிறார்கள், விளக்குகளையும் வகைவகையாக எண்ணுகிறார்கள். ஆகவே வருகைக்கு நேரம் ஒதுக்குங்கள். எல்லா அறையும் திறந்திருக்கட்டும்.

குறைந்த செலவில் மதிப்பெண் ஏற்ற எதை முதலில் செய்வது?

லோஃப்டில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில் இருந்து தொடங்குங்கள். இலக்கு 270 மிமீ மினரல் வூல் (கம்பளி போன்ற இன்சுலேஷன்): ஜாயிஸ்ட்களுக்கு (தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள்) இடையில் 100, அதன் மேல் குறுக்காக 170. கூரை ஓரத்தில் காற்று போக வழி விடுங்கள். ஓரம்வரை திணித்து அடைத்தால் குளிர்காலத்தில் ராஃப்டரில் (கூரையின் சாய்மரம்) ஈரம் கோத்துக் கரும்பூஞ்சை பிடிக்கும். குளிர்நீர்த் தொட்டி இருந்தால் அதன் அடியில் வூல் போடாதீர்கள். கீழிருந்து வரும் சூடு அது உறையாமல் காக்கும். டவுன்லைட்டுகளுக்கு மேலே தீத்தடுப்பு மூடி வையுங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறு, வூலின் மேலேயே பலகை அடித்துச் சாமான் அடுக்குவது. 270 மிமீ நசுங்கி ஜாயிஸ்ட் உயரமான 100க்கு வந்துவிடும். சாமான் வைக்க வேண்டுமென்றால் உயரக் கால் வைத்துப் பலகை போடுங்கள். லோஃப்ட் மூடியைப் பெயின்ட் அடித்து ஒட்டவைத்திருந்தால் முன்கூட்டியே திறந்து வையுங்கள். அசெஸரால் உள்ளே பார்க்க முடியாவிட்டால் இவ்வளவு செலவும் சான்றிதழில் ஏறாது.

அதற்கு அடுத்தது சுடுநீர் சிலிண்டருக்கு 80 மிமீ ஜாக்கெட், ரூம் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் வால்வுகள், எல்லா இடத்திலும் எல்.ஈ.டி.

ஈஸ்ட் ஹாமில் 1900களின் டெரஸ் வீடு. உள்ளே பழைய பூச்சை உரித்துப் புதிதாகப் பூசப் போகிறோம். இதற்கு ஈ.பி.சி. வேண்டுமா?

வேண்டாம். ஆனால் பார்ட் எல் என்ற கட்டட விதி இங்கே வரும், பலருக்கு இது தெரிவதில்லை. ஒரு வெளிச்சுவரின் பரப்பில் 50 சதவீதத்துக்கு மேல் புதுப்பித்தால் அந்தச் சுவர் முழுவதற்கும் இன்சுலேஷன் தரத்தை உயர்த்த வேண்டும். எந்தப் பரப்பு என்பதுதான் கேள்வி. உள்ளிருந்து உரித்தால் அந்த அறைக்குள் தெரியும் வெளிச்சுவரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வெளிப்பூச்சை உரித்தால் அந்தப் பக்கச் சுவர் முழுவதும். ஆக, ஒரே ஒரு படுக்கையறைச் சுவரை முழுதாக உரித்தாலும் விதி பொருந்தும். செலவு 15 ஆண்டுக்குள் மிச்சத்தில் திரும்பாது என்று காட்ட முடிந்தால் தளர்வு உண்டு.

உங்களுடையது போன்ற, நடுவே இடைவெளி இல்லாத திடச்சுவருக்கு இலக்கு யு-வேல்யூ 0.30. யு-வேல்யூ என்பது சுவர் வழியே சூடு வெளியேறும் அளவு, குறைந்தால் நல்லது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் உட்புறம் சுமார் 60 முதல் 70 மிமீ பி.ஐ.ஆர். போர்டு (கெட்டியான நுரை இன்சுலேஷன் பலகை) தேவைப்படும். போர்டுக்குப் பின்னால் ஈரக்காற்று ஓட இடம் விடாமல் ஓரங்களை முழுவதும் அடையுங்கள். ஜாயிஸ்டின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். அங்கே ஈரம் தங்கினால் மரம் உளுத்துப்போகும். மழைநீர்க் குழாய் ஒழுகல், சாந்து உதிர்ந்த இணைப்பு எல்லாம் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். நனைந்த சுவரை உள்ளிருந்து மூடவே கூடாது.

மூடும் முன் டேப் வைத்துத் தடிமன் தெரியப் படம் எடுத்து பில்டிங் கன்ட்ரோலுக்குக் கொடுங்கள். பின்னால் அசெஸரிடம் காட்ட வேண்டியது அவர்கள் தரும் நிறைவுச் சான்றிதழ்.

பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்டினால்?

அதற்கும் புதிய ஈ.பி.சி. தேவையில்லை. கண்ணாடிப் பரப்பைக் கவனியுங்கள்: எக்ஸ்டென்ஷன் தரைப் பரப்பின் 25 சதவீதம், அதோடு கட்டடம் மறைத்த பழைய ஜன்னல், கதவுகளின் பரப்பு. இதைத் தாண்டினால் வேறிடத்தில் ஈடுகட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டை இரண்டு ஃப்ளாட்டாகப் பிரித்தால் நிலைமை வேறு: ஒவ்வொன்றுக்கும் தனி ஈ.பி.சி., வேலை முடிந்த 5 நாளுக்குள்.

அண்ணா, லோஃப்டை அறையாக்கினோம், ஆனால் மதிப்பெண் இறங்கிவிட்டது!

நிலையான படிக்கட்டு இருந்தால் அது அறை. மடக்கு ஏணி மட்டும் இருந்தால் லோஃப்ட். அறை என்று ஆனதும் அதன் சாய்கூரை, பக்கச்சுவர் எல்லாம் கணக்கில் வருகின்றன. பத்திரம் இல்லையென்றால் அவற்றில் இன்சுலேஷன் குறைவு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். நிறைவுச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு மறு மதிப்பீடு செய்யுங்கள்.

வாடகை வீடு எஃப் தரத்தில் இருக்கிறது. எவ்வளவு செலவழிக்க வேண்டும்?

இப்போதைய உச்சவரம்பு வாட் உட்பட 3,500 பவுண்ட். அதற்குள் முடிந்ததைச் செய்தும் ஈ வராவிட்டால், விலைப்புள்ளிகளோடு விலக்குப் பதிவேட்டில் பதியுங்கள். விலக்கு 5 ஆண்டு செல்லும். பதியாமல் வாடகைக்கு விட்டால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்ட் வரை கவுன்சில் அபராதம் போடலாம்.

கூரையில் ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் சுலபம் என்கிறார்களே?

விற்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். ராஃப்டரில் ஒட்டிய ஃபோமுக்குப் பின்னால் மரம் எப்படி இருக்கிறது என்று சர்வேயரால் பார்க்க முடியாது. பல வங்கிகள் அந்த வீட்டுக்குக் கடன் தர மறுக்கின்றன, வாங்க வந்தவர் திரும்பிப் போகிறார். உரித்தெடுக்கும் செலவு பெரிது. 270 மிமீ வூல் போதும்.

ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை எடுத்து வீட்டுக்குத் தரும் மின்கருவி) போட்டால் தரம் தாவுமா?

தாவும் என்று நம்பி இறங்காதீர்கள். தரம், எரிபொருள் செலவை வைத்துப் போடப்படுகிறது. மின்சாரம் கேஸைவிட விலை கூட என்பதால் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு வைத்தால் ஏற்றம் சிறிதாக இருக்கலாம். இதற்கான 7,500 பவுண்ட் அரசு மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் இன்ஸ்டாலர்தான், நீங்கள் அல்ல.

சான்றிதழில் பிழை இருந்தால் யாரிடம் போவது?

முதலில் அசெஸரிடம், ஆதாரத்தோடு எழுத்தில். அவர் பெயரும் அவரை அங்கீகரித்த அமைப்பின் பெயரும் சான்றிதழிலேயே இருக்கும். அவர் திருத்தாவிட்டால் அந்த அமைப்பிடம் முறையிடுங்கள். தரைப் பரப்பு, சுவர் வகை, பாய்லர் மாடல் ஆகிய மூன்றையும் சான்றிதழ் வந்த அன்றே சரிபாருங்கள்.