பயனீட்டாளர் கேள்வி-பதில்: பச்சையாக இருந்தால் ஜூனிபர் உயிரோடு இருக்கிறதா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜூனிபர் போன்சாய் பற்றியவை. ஜூனிபர் என்பது குளிர்நாட்டு மரம்; போன்சாய் என்பது மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் முறை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கே: வார இறுதிச் சந்தையில் 180 ரிங்கிட் கொடுத்து ஜூனிபர் போன்சாய் வாங்கினேன். தட்டைத் தொட்டி, கம்பி சுற்றிய கிளைகள், மேலே பாசி. கடைக்காரர் சொன்னபடிதான் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாவது வாரம் நிறம் மங்கியது, ஏழாவது வாரம் முழுக்கப் பழுப்பு. "நீங்கள் தண்ணீர் ஊற்றியே கொன்றுவிட்டீர்கள், விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார். என் தவறா ஐயா?
— வாசகி, செந்தூல்

ப: இல்லை அம்மா. நீங்கள் பணத்தை நீட்டிய நேரத்திலேயே அந்த மரம் சாகத் தொடங்கியிருக்க வேண்டும். கறிவேப்பிலைச் செடியின் வேர் கெட்டால் சில நாளில் இலை துவண்டு உண்மையைச் சொல்லிவிடும். ஜூனிபர் சொல்லாது. அதன் இலை செதில் செதிலாக, மெழுகு பூசியதுபோல் இருக்கும். ஈரத்தை எளிதில் விடாது. வேர் செத்துப்போன பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும்.

இதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் வியாபாரம் செய்கிறார்கள். காலையில் நர்சரியிலிருந்து வந்த செடியின் பாலிபேக்கைக் கிழிக்கிறார்கள். வேரில் பாதியை அறுத்து, கிளைகளில் முக்கால் பங்கைக் கழித்து, மிச்சத்தில் கம்பியைச் சுற்றித் தட்டைத் தொட்டியில் அமுக்குகிறார்கள். அறுத்த இடம் தெரியாமல் இருக்கப் பாசியைப் போர்த்துகிறார்கள். மாலையில் விலைச்சீட்டு தொங்குகிறது. ஜூனிபர் தன் பலத்தின் பெரும்பகுதியை இலையில் வைத்திருக்கும் மரம். இலை போனால் புது வேர் விடத் தெம்பு இருக்காது, வேர் போனால் இருக்கிற இலைக்கும் தண்ணீர் ஏறாது. இரண்டையும் ஒரே நாளில் பறித்தால் எப்படிப் பிழைக்கும்? கிளையைக் கழித்த பிறகு குறைந்தது ஆறு மாதமாவது வேரைத் தொடக்கூடாது என்பது தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே விற்கிறார்கள். வாங்கியவர் "என் கை ராசியில்லை" என்று தன்னையே நொந்துகொண்டு, அடுத்த மாதம் அதே ஆளிடம் போய் இன்னொன்று வாங்குகிறார். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

இப்போது செய்ய வேண்டியது: மரத்தைத் தூக்கி எறியாதீர்கள். தொட்டியிலிருந்து அலுங்காமல் எடுத்து, வேரை நல்ல வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். தடித்த வேர்கள் கத்தியால் அறுத்த முனைகளோடு நிற்க, அந்த முனைகளில் ஏழு வாரமாகியும் புது வேரின் வெள்ளை நுனி ஒன்றுகூட வரவில்லை என்றால், வேர் பிடிக்காத மரத்தை உங்களிடம் விற்றிருக்கிறார்கள் என்பதற்கு அது வலுவான சான்று. வாங்கிய நாளில் எடுத்த படம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். "திரும்ப வாங்க மாட்டோம்" என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. முதலில் கடைக்காரரிடம் பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுங்கள். கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். 180 ரிங்கிட்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கே: இணையத்தில் 50 ஜூனிபர் போன்சாய் விதை 9.90 ரிங்கிட். வாங்கலாமா?
— செராஸ்

ப: வேண்டாம். போன்சாய் விதை என்று ஒன்று கிடையாது. மரத்தின் விதைதான் உண்டு. ஜூனிபர் விதை முளைக்க மாதக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும்.

கே: சுங்கை பூலோ நர்சரி ஒன்றில் 35 ரிங்கிட்டுக்கு முழங்கால் உயர ஜூனிபர் வாங்கியிருக்கிறேன். இன்னும் பாலிபேக்கில்தான் இருக்கிறது. எங்கிருந்து வெட்ட ஆரம்பிப்பது?
— பத்துமலை

ப: சரியாக வாங்கியிருக்கிறீர்கள். வெட்டுவதற்கு முன் ஒரு மாதம் நல்ல வெயிலில் விடுங்கள். நுனிகள் வெளிர்பச்சையாக நீண்டு வந்தால்தான் மரம் தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு சாப்ஸ்டிக்கால் மேல் மண்ணைக் கிளறுங்கள். நர்சரிச் செடிகளில் அடிமரம் மூன்று, நான்கு சென்டிமீட்டர் புதைந்தே இருக்கும். அடி விரிந்து தடித்த வேர் பிரிகிற இடம் தெரியும்வரை மண்ணை ஒதுக்குங்கள். மரத்தின் முன்பக்கம் எது என்பதை அந்த இடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதைப் பார்க்காமல் கத்தரியை எடுத்தவர்கள் நல்ல கிளையை வெட்டிவிட்டுப் பின்னால் வருந்துவார்கள்.

அடுத்து, காய்ந்த குச்சிகள், கிளைக் கவட்டில் முளைத்த மெலிந்த துளிர்கள், கிளையின் அடியில் தொங்குபவை ஆகியவற்றை நீக்குங்கள். ஒரே இடத்தில் மூன்று நான்கு கிளை புறப்பட்டால் இரண்டை வையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் புடைத்துவிடும். மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். முக்கியமாக, எந்தக் கிளையையும் பச்சை இல்லாத இடம்வரை குறைக்காதீர்கள். ஜூனிபரின் மொட்டைக் கட்டையில் துளிர் வராது, அந்தக் கிளை அதோடு முடிந்தது. நுனியை விரலால் கிள்ளவும் வேண்டாம், கிள்ளிய இடம் பழுப்பாகும். நீண்ட துளிரைக் கத்தரியால் அதன் அடியில் வெட்டுங்கள்.

வேண்டாத தடித்த கிளையை ஒட்ட அறுக்காமல் ஐந்து சென்டிமீட்டர் விட்டுப் பட்டையை உரித்துவிட்டால், காய்ந்த கொம்பாக அழகுக்கு நிற்கும்.

கம்பி சுற்றுவதற்கு முன் ஒரு நாள் தண்ணீரைக் குறையுங்கள், கிளை வளைந்து கொடுக்கும். கம்பியின் தடிமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு, நீளம் கிளையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 45 பாகை சாய்வாக, இடைவெளி ஒரே சீராக, பட்டையைத் தொட்டபடி ஆனால் இறுக்காமல் சுற்றுங்கள். வளைக்கும்போது இரு கட்டைவிரலையும் வளைவின் உட்பக்கம் வைத்து, கம்பி வெளிப்பக்கம் இருக்குமாறு மெல்ல அழுத்துங்கள். "நறுக்" என்று மெல்லிய ஓசை கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். நம் ஊரில் குளிர்காலம் இல்லை, மரம் ஆண்டு முழுவதும் பருக்கும். ஆறாவது வாரத்திலிருந்தே கம்பி பதிகிறதா என்று பாருங்கள். எடுக்கும்போது அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

பிறகு இரண்டு வாரம் பகுதி நிழல், ஒரு மாதம் உரம் கிடையாது. தட்டைத் தொட்டிக்கு மாற்றுவது அடுத்த ஆண்டு. அப்போதும் வேர்மண்ணை முழுக்கக் கழுவிவிடாதீர்கள், வேரோடு வாழும் நன்மை தரும் பூஞ்சை அதில் இருக்கிறது. தொட்டியில் மண்ணுக்குப் பதில் மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள பியூமிஸும் (இலேசான நுரைக்கல்) எரிமலைக்கல்லும் போதும், தூசியைச் சலித்துவிடுங்கள். அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் உருண்டைக்கு விலையும் அதிகம், நம் மழையில் சீக்கிரம் கரைந்து சேறாகும். அடைமழைக் காலத்தில் தொட்டியின் ஒரு பக்கத்தில் சிறு கட்டையை வைத்துச் சாய்த்துவிட்டால் தண்ணீர் தேங்காது.

கே: மூன்றாவது ஜூனிபரும் போய்விட்டது. ஹாலில் டிவி பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன், ஏர்கோன் குளிர் அதற்கு நல்லதுதானே? இந்த முறை எந்தக் கடையில் வாங்கலாம்?
— பிரிக்பீல்ட்ஸ்

ப: எந்தக் கடையிலும் வாங்காதீர்கள். ஜூனிபர் வீட்டுக்குள் வாழாது. அதற்குப் பல மணி நேர நேர்வெயில் வேண்டும். ஏர்கோன் தருவது குளிர்நாட்டுக் காற்றையல்ல, வறண்ட காற்றை. முதல் மரம் செத்தபோதே கேட்டிருக்கலாம். வெயில் விழும் பால்கனி இல்லை என்றால் இந்த மரம் உங்களுக்கு இல்லை.

கே: தொட்டியின் மேல் வெள்ளைக் கூழாங்கற்கள் பசையால் ஒட்டியிருக்கின்றன. எடுக்கலாமா?
— ஆயர் ஈத்தாம்

ப: இன்றே எடுங்கள். குறட்டால் ஓரத்திலிருந்து நெம்புங்கள். தண்ணீர் அந்த ஓட்டின் மேலேயே ஓடி வழிந்துவிடும், வேர் காய்ந்து கிடக்கும்.

கே: ஜூனிபர் என்று சொல்லி 90 ரிங்கிட்டுக்குக் கொடுத்தார்கள். ஊசி ஊசியாக இருக்கிறது. நண்பர் "இது கடற்கரை ரு மரம்" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஜெலுத்தோங்

ப: ஓர் ஊசியை இரு முனையிலும் பிடித்து இழுங்கள். கணுக் கணுவாகக் கழன்று வந்தால் அது ரு, அதாவது நம் சவுக்கு. ஜூனிபர் அப்படிக் கழலாது, கசக்கினால் பிசின் வாசனை வரும். சவுக்கு இந்தச் சூட்டுக்கு ஜூனிபரைவிட நன்றாக வளரும், போன்சாய்க்கும் ஏற்றது. ஆனாலும் ஒன்றின் பெயரைச் சொல்லி வேறொன்றை விற்றிருக்கிறார்கள். சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் யோசனை கேளுங்கள்.

கே: தைவான் போகிறேன். சின்ன ஜூனிபர் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாமா?
— பங்சார்

ப: கூடாது. இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் செடி நலச் சான்றிதழும் வேண்டும்.

கே: போன்சாய் கம்பி என்று கிலோ கணக்கில் மலிவாக வாங்கினேன். வளைத்தால் கிளையோடு சேர்ந்து பழைய இடத்துக்கே திரும்புகிறது.
— பட்டர்வொர்த்

ப: அது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியாக இருக்கும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும். அலுமினியம் ஒட்டாது. மலிவைப் பார்த்து நானும் 12 கருவிகள் கொண்ட பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதிலிருந்த குழிவெட்டிக் கத்தரியின் இரு வாயும் சேரவில்லை, கிளையை அறுக்காமல் நசுக்கியது, காயம் ஆறவே இல்லை. தொடங்குபவருக்கு 1.5, 2.5, 4 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியும், கூரான சிறு கத்தரி ஒன்றும், கம்பி வெட்டி ஒன்றும் போதும். இரும்புக் கம்பியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். சீட்டில் "அலுமினியம்" என்று எழுதியிருந்தால் அதைக் கிழித்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள்.