வாசகர் கேள்வி பதில்: மிருகங்களோடு பேசிய வைத்தியர்

கேள்வி: எண்பதுகளில் பக்கத்து வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருந்து, மிருகங்களோடு பேசும் ஒரு வைத்தியரின் சித்திரத் தொடரை இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் பார்த்தோம். சிங்களம் தெரியாத எங்களை அது எப்படிக் கட்டிப்போட்டது? அது என்ன தொடர்?
– வாசகி, களுதாவளை

பதில்: அது 'தொஸ்தர ஹொந்தஹித'. ஆங்கில எழுத்தாளர் ஹியூ லொஃப்டிங் படைத்த டொக்டர் டூலிட்டிலை வைத்து வெளிநாட்டில் உருவான சித்திரத் தொடருக்கு, ரூபவாஹினியின் ஒலிமாற்றுப் பிரிவு சிங்களக் குரல் கொடுத்தது. அப்பிரிவை வழிநடத்திய டைட்டஸ் தொட்டவத்த, சிங்களத் திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) படத்தைத் தொகுத்தவர்; 2011இல் காலமானார். 'பக்ஸ் பனி' (Bugs Bunny) என்ற சித்திர முயலை 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கியவரும் அவரே.

வசனத்துக்கு வசனம் மொழிபெயர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. பாத்திரங்களுக்கு உள்ளூர்ப் பெயரும் கிராமத்துப் பேச்சும் புதிய பாட்டும் கொடுத்து, அந்தக் கதை இந்த மண்ணிலேயே பிறந்தது போல ஆக்கினார். மொழி விளங்காத பிள்ளைக்கும் குரலின் ஏற்ற இறக்கம், கோபம், கெஞ்சல், சிரிப்பு எல்லாம் விளங்கும். மிச்சத்தை வீட்டிலுள்ள ஓர் அக்கா பார்த்துக்கொள்வார்: படத்தைப் பார்த்துப் பாதியும் ஊகித்துப் பாதியுமாக, "இப்ப அந்தக் குரங்குக்கு வருத்தம், டொக்டர் மருந்து குடுக்கப் போறார்" என்று அவர் தமிழில் சொல்லச் சொல்ல, திரையில் வேறொன்று நடந்தாலும் நாங்கள் அவர் சொன்ன கதையைத்தான் நம்பினோம்.

அதே அக்கறையோடு தமிழில் ஆக்கிய ஒரு சித்திரத் தொடர் அந்த வயதில் எங்களுக்கு வாய்க்கவில்லை என்பது இன்றும் ஆறாத மனக்குறை. வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஆடிய இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில், விடிய விடியக் கூத்துக் களரியில் பாடிய அண்ணாவிமாரை, அதாவது கூத்து ஆசான்மாரை, கொண்டுபோய் ஒலிவாங்கியின் முன் நிறுத்தியிருந்தால், ஒரு பூனைக்கும் முயலுக்கும் அவர்கள் எப்படி உயிர் கொடுத்திருப்பார்கள்!

கேள்வி: எங்கள் வீட்டில் அன்ரனாவைக் கமுகு மரத்தில் கட்டி மேற்குப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். களுவாஞ்சிகுடியில் மாமா வீட்டில் அது வேறு பக்கம் பார்த்து நின்றது. ஏன்?
– வாசகர், திருக்கோவில்

பதில்: ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியோடு தொடங்கியது. அதன் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம், 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையில் நின்றது. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், அன்ரனா அந்த மலையைப் பார்த்தே நிற்க வேண்டும். திருக்கோவிலிலிருந்து அது ஏறக்குறைய நேர் மேற்கு. வடக்கே களுவாஞ்சிகுடிப் பக்கம் போகப் போகத் தென்மேற்கு. ஆகவே, கூரையில் ஏறிய அண்ணன் அன்ரனாவைப் பிடித்துத் திருப்ப, கீழிருந்து "போதும், போதும், ஐயோ போயிட்டுது" என்று நீங்கள் கத்தியதெல்லாம், இடையிலுள்ள குன்றுகளைத் தாண்டி வந்த மெல்லிய அலையைப் பிடிப்பதற்குத்தான்.